மாலைக் கறவை நேரம்: கொங்குத் தோட்டத்துத் தாய் ஒருவரின் அன்றாடம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஈரோடு மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பகுதியில், நாலரை ஏக்கர் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துவரும் முப்பத்தொரு வயதுத் தாய் ஒருவரின் அன்றாடத்தை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள். வீட்டில் இவர்களைத் தவிரக் கணவரும், அறுபத்தெட்டு வயது மாமியாரும் இருக்கின்றனர். 2024 புரட்டாசியில் பதினொரு நாளும், 2025 தையில் எட்டு நாளும், சித்திரையில் ஆறு நாளுமாக மூன்று முறை அங்கே தங்கிப் பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் கொண்டு இதை எழுதுகிறேன். அவர் என் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கை முறை. ஆயினும் இந்த எழுத்தில் அவரை 'அவர்' என்றே குறிப்பிடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்பது அவருடைய கோரிக்கை.

முறையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அங்கே இருந்த நாள்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூடியிருந்தது. ஆகவே நான் நேரில் கண்ட அவருடைய நாள், நான் இல்லாத நாளைக் காட்டிலும் இலகுவானது. இந்த ஆய்வின் மையமாக உள்ள நிகழ்வு நான் ஈரோட்டுக்குப் போயிருந்த ஒரு மாலையில்தான் நடந்தது என்பதைத் தற்செயலாக நான் கருதவில்லை.

தோட்டத்து வீடு

தஞ்சைப் பக்கத்து ஊர்களில் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்க, வயல் ஊருக்கு வெளியே கிடக்கும். கொங்கில் பெரும்பாலும் இது மாறிக் கிடக்கிறது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் கிணற்றைத் தானே வெட்டி, எருது பூட்டிக் கவலை ஏற்றத்தால் நீர் இறைத்துப் பயிர் செய்ததால், கிணற்றையும் மாட்டையும் விட்டு அகல முடியாமல் கிணற்றடியிலேயே சாளை என்னும் குடிசை போட்டுக் குடியேறியது. 1955இல் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பட்டு, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்து, சாளை ஓட்டு வீடாகி, ஓட்டு வீடு மெத்தை வீடான பின்பும் வீடு நின்ற இடம் மாறவில்லை. இந்த வீட்டுக்கு மிக அருகிலுள்ள வீடு மூன்று காடு, அதாவது மூன்று வயல், தள்ளி இருக்கிறது. உரக்கக் கூப்பிட்டால், காற்று இந்தப் பக்கம் அடிக்காத நாளில், கேட்கும்.

பிள்ளை வளர்ப்பில் இந்த இடைவெளி எத்தனை பெரிய காரணி என்பது தெருவில் வளர்ந்த எனக்கு முதல் இரண்டு நாளில்தான் உறைத்தது. தெரு என்பது பிள்ளைகளுக்கு விளையாட்டுக் களம் மட்டுமன்று, அவர்களைக் கவனிக்கும் ஏற்பாடும் ஆகும். எதிர்வீட்டுத் திண்ணைக் கிழவி, தண்ணீர் பிடிக்க நிற்பவர்கள், கடைக்காரர் என்று எவராவது ஒருவர் கண்ணில் பிள்ளை பட்டுக்கொண்டே இருக்கும். தாய் கேட்காமலேயே 'டேய், அங்க போகாதே' என்று ஒரு குரல் எழும். தோட்டத்தில் அந்தக் குரல் இல்லை. திறந்த கிணறு, மாடு, மின்மோட்டார், சோளத்தட்டு வெட்டும் இயந்திரம், மருந்துப் புட்டி வைத்த அறை ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பிள்ளை நடமாட, அதைப் பார்க்க இருப்பவை தாயின் இரண்டு கண்கள். அந்தக் கண்களும் பெரும்பாலான நேரம் வேறு வேலையின் மேல் இருக்கின்றன.

முன்பு இப்படி இல்லை என்று மாமியார் சொல்கிறார். "அப்பெல்லாம் தோட்டத்துல ஆள் பொழக்கம் இருந்துச்சு கண்ணு. புள்ளைங்க தானா வளந்துச்சுங்க." அவர் சொல்வதில் பாதி உண்மை. மாமனார், அவருடைய தமக்கை, பண்ணையத்துக்கு இருந்த ஒரு குடும்பம் என்று ஏழெட்டுப் பேர் எந்நேரமும் தோட்டத்தில் இருந்தனர். மறுபாதியை அவர் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகு சொன்னார். பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் குடும்பத்துப் பெண் இந்த வீட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாடு கட்டும் இடமான கட்டுத்தரையைக் கூட்டியபோது, அவருடைய சொந்தப் பிள்ளை வேலியோரத்து வேப்பமரத்துத் தூளியில் தனியே கிடந்தது. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்று மில் வேனில் ஏறித் திருப்பூர்ப் பின்னலாடை வேலைக்குப் போகிறார்கள். அது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற வேலை மறைந்துவிடவில்லை. அது வீட்டிலிருக்கும் ஒரே இளம் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தது, கூலி என்ற பெயர்கூட இல்லாமல்.

ஐப்பசிக்கு முந்திய ஒரு நாள்

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கைக்கடிகாரத்தைப் பார்த்து அவருடைய நாளைக் குறித்தேன். நாலு நாற்பதுக்கு எழுந்தார். டார்ச்சை அடித்துத் தரையைப் பார்த்த பிறகே கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். அந்தப் பக்கத்தில் கட்டுவிரியன் உண்டு, அது இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும் பாம்பு, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது என்பதால் பிள்ளைகளை எந்த வெயிற்காலத்திலும் தரையில் படுக்க விடுவதில்லை. கட்டுத்தரையைக் கூட்டிச் சாணியை வழித்துக் குப்பைக்குழியில் கொட்ட அரை மணி நேரம். ஐந்து இருபதுக்குக் கறவை தொடங்கி ஆறு அடிக்கும்போது முடிந்தது. கணவர் பால் கேனை எக்ஸெல் மொபெட்டில் வைத்துப் பால் சங்கத்துக்குக் கொண்டுபோக, இவர் அடுப்பைப் பற்றவைத்தார். ஆறரைக்கு மகன் எழுந்து வந்து முந்தானையைப் பிடித்தான். அதற்குப் பிறகு இரவு எட்டரை மணிவரை அவன் இல்லாத நேரம் என்று அவருக்கு எதுவும் இல்லை.

மகளுக்குத் தலை வாரி அனுப்புவதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அவள் போவது அரசு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. 2023 ஆகஸ்டு 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டதால், காலையில் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடுகிறது. திட்டத்தின் நோக்கம் பிள்ளையின் பசி. ஆனால் இந்த வீட்டில் அது ஆறு மணிக்கும் ஏழரைக்கும் இடையே ஒரு தாயின் இருபது நிமிடத்தை விடுவித்தது. அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்யறதுங்க்கா, பருத்திக்கொட்டை ஆட்டறேன்" என்றார்.

ஒன்பது மணிக்குத் தீவனப்புல் அறுக்கப் போனார். கோ-4 புல் ஆளுயரம் நின்றது. மகனை வரப்பில் உட்காரவைத்து, கையில் ஒரு புல் தண்டைக் கொடுத்து, "பாட்டுப் பாடு சாமி" என்றார். அவன் பாடிக்கொண்டே இருந்தான். அது தாலாட்டின் மறுபக்கம் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்தே புரிந்தது: புல்லுக்குள் குனிந்திருப்பவருக்குப் பிள்ளை தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும், பாட்டு நின்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது முறை நிமிர்ந்தார். இந்த ஒன்றரை மணி நேரத்தைப் புல் அறுத்ததாக எழுதுவதா, பிள்ளையைப் பார்த்ததாக எழுதுவதா?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் எடுக்கப்பட்டபோது, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. 2024இல் அது 289, 88 என்று சற்றே குறைந்தது. எங்கள் குறிப்பேட்டின்படி அந்தச் செவ்வாய்க்கிழமை இவர் வீட்டு வேலைக்குச் செலவிட்டது 285 நிமிடம். ஏறத்தாழ நாட்டின் சராசரி. அதற்கு மேல் மாட்டுக்கும் காட்டுக்குமாக 340 நிமிடம். 'பிள்ளைக்காக மட்டும்' என்று பிரித்து எழுத முடிந்தது குளிப்பாட்டியது, ஊட்டியது, தூங்கவைத்தது எல்லாம் சேர்த்து 55 நிமிடம். அந்த ஐம்பத்தைந்தை மட்டும் வைத்துப் பார்க்கிறவருக்கு, இந்தத் தாய் பிள்ளையைக் கவனிக்கவே இல்லை என்று தோன்றும்.

மகளின் பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதப்பட்டிருக்கிறது. பட்டா கணவர் பெயரில். பால் சங்கத்து உறுப்பினர் அட்டை மாமியார் பெயரில். நாட்டில் பெண்கள் பெயரில் நடக்கும் வேளாண் நிலவுடைமைகள் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 14 விழுக்காடுதான் என்பதால் இதில் வியப்பில்லை. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு நன்செய் ஐந்து ஏக்கருக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பில் இந்தக் குடும்பம் தேறுகிறது. ஆனால் டிராக்டர் வைத்திருப்போருக்கு அது கிடையாது. டிராக்டர் கடனில் வாங்கியது, தவணை பால் பணத்தில் போகிறது, பாலைக் கறப்பவர் இவர். இந்தச் சுற்றை அவர் சிரித்துக்கொண்டே விவரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புரட்டாசி நிகழ்வு

அன்று கணவர் வாடகை உழவுக்குப் போயிருந்தார். மழைக்குப் பின் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும் என்பதால் அந்த வாரத்தில் அவர் பகலில் வீட்டில் இருப்பதே அரிது. மாமியார் வழக்கம்போலத் திண்ணையில் இருந்தார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவரால் பார்க்க முடியும், ஓட முடியாது.

நடந்ததைத் தாய், மாமியார், மகள் மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நாலே காலுக்கு மாலைக் கறவை தொடங்கியது. சங்கத்தில் ஐந்தரைக்கு மேல் பால் எடுக்க மாட்டார்கள். மகன் கட்டுத்தரைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் குவளையில் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். நாலரைக்கு மகள் பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு நடந்து வந்து, பையை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனாள். முதல் மாட்டைக் கறந்து முடித்து, இரண்டாவது மாட்டுக்குக் கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி, மடியில் கைவைத்துச் சுரப்பு விட்டிருந்த நேரம். குவளை மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. சிமென்ட் தொட்டி, இரண்டரையடி உயரம், முக்கால் அளவு தண்ணீர். மகன் விளிம்பில் வயிற்றை வைத்து எக்கினான்.

மாமியார் பார்த்தார், கத்தினார். ஆனால் அவர் கத்தியது "மாடு, மாடு" என்று. தொட்டியருகே கட்டியிருந்த சினைமாடு பையனை முட்டிவிடும் என்றே அவருக்கு முதலில் தோன்றியிருக்கிறது. மடியில் கைவைத்திருந்த தாய் மாட்டைத்தான் பார்த்தார், மாடு சும்மா நின்றது, ஆகவே எழவில்லை. இந்த நாலைந்து நொடிதான் என்னை வெகுநேரம் யோசிக்கவைத்தது. மகள் ஈரக் கையோடு ஓடிவந்து, தலைகீழாக உள்ளே சரிந்துகொண்டிருந்த தம்பியின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். அப்போதுதான் தாய் எழுந்து ஓடினார். எழுந்த வேகத்தில் மாடு மிரண்டு உதைத்தது. முதல் மாட்டுப் பாலும் சேர்ந்து இருந்த கேன் கவிழ்ந்தது. பையனுக்கு மூக்கிலும் வாயிலும் கொஞ்சம் தண்ணீர் போனதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் குவளையைக் கேட்டு அழுதான்.

நான் ஆறரைக்கு வந்தபோது தரையில் பால் வெள்ளை காய்ந்திருந்தது, ஈ மொய்த்தது. அவர் என்னிடம் முதலில் சொன்னது பாலைப் பற்றி. "நாலு லிட்டருக்குக் கொறையாது. நூத்தம்பது ரூவா போச்சு." 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தப்பட்டு, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்ததால், அவர் சொன்ன கணக்குச் சரிதான். பிள்ளையைப் பற்றி அவர் அன்று பேசவே இல்லை. இரவு பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பின், விளக்கை அணைத்த இருட்டில், "நான் மாட்டப் பாத்தனுங்க்கா" என்று மட்டும் சொன்னார்.

ஏன் எழ முடியவில்லை

பாலை விட்டுவிட்டு எழுந்திருக்கலாமே என்று ஊரிலிருந்து வருபவர் கேட்கக்கூடும். கறவையைப் பற்றித் தெரியாதவருக்குத்தான் அது எளிய கேள்வி. கன்று ஊட்டியதும் அல்லது மடியைக் கழுவித் தடவியதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன் சுரந்து, பால் மடியிலிருந்து காம்புக்கு இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். நடுவில் விட்டாலோ, மாடு மிரண்டாலோ சுரப்பு நின்றுபோகும், மிச்சப் பால் மடியிலேயே தங்கும். ஒருநாள் தங்கினால் பெரிதில்லை. அடிக்கடி தங்கினால் கறவை குறைந்துபோகும், மடிநோய்க்கும் இடம் கொடுக்கும். மடிநோய் வந்தால் வைத்தியச் செலவு ஒருபுறம், மருந்து போட்ட நாள்களில் பாலைச் சங்கத்துக்கு ஊற்ற முடியாதது மறுபுறம்.

ஆகவே ஆபத்தான நேரம் ஒரு மணி நேரக் கறவை முழுவதும் அன்று. ஒரு மாட்டுக்கு எட்டு நிமிடம், இரண்டு மாட்டுக்குப் பதினாறு நிமிடம். ஒரு நாளில் வேறெந்த வேலையையும் நடுவில் போட்டுவிட்டு எழக்கூடிய அவர், இந்தப் பதினாறு நிமிடத்தில் எழ முடியாது. காலைக் கறவையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். மாலைக் கறவையில்தான் விழித்திருக்கும் பிள்ளை, ஓட முடியாத பாட்டி, உழவுக்குப் போன தந்தை, மூடும் நேரம் குறித்த சங்கம் ஆகிய நான்கும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. அங்கன்வாடி இதற்கு உதவாது. அது இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதோடு, மாலைக் கறவைக்கு முன்பே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இதற்கு வாய்க்காலும் ஒரு வகையில் காரணம். கீழ்பவானியின் 2.07 லட்சம் ஏக்கர் பாசனப் பரப்பை இரண்டாகப் பிரித்து, ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்குமாக, ஒரு பாதிக்கு ஆகஸ்டு 15 முதல் நன்செய்க்கும் மறுபாதிக்கு ஜனவரி முதல் புன்செய்க்கும் தண்ணீர் விடுவது வழக்கம். முறைத் தண்ணீர் வரும் நாளில், அது நள்ளிரவு இரண்டு மணியானாலும், ஆண் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். இரவு விழித்தவர் பகலில் கண் அயர்வார், அல்லது கடனை எண்ணி உழவுக்குப் போவார். கணவர் அக்கறை இல்லாதவர் என்று எழுதினால் வாசிக்க எளிதாக இருக்கும். ஆனால் அது பொய்யாகும்.

செய்து பார்த்தவை

மறுநாளே அவர் செய்தது, பழைய துப்பட்டாவால் மகனின் இடுப்பைக் கட்டித் திண்ணைத் தூணில் பிணைத்தது. இது தோட்டத்து வீடுகளில் பழைய வழக்கம். மாமியாரும் தம் பிள்ளைகளைக் கட்டில் காலில் கட்டித்தான் வளர்த்திருக்கிறார். எனக்குப் பார்க்க மனம் பொறுக்கவில்லை, அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "கெணத்துல விழறதுக்கு இது தேவலைங்க்கா" என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. மூன்றாம் நாள் பையனே முடிச்சை அவிழ்க்கக் கற்றுக்கொண்டதால் அந்த வழி தானாக முடிந்தது.

தொட்டிக்குக் கம்பி வலையில் மூடி போடுவதாகக் கணவர் அன்றிரவே சொன்னார். வெல்டிங் பட்டறைக்காரர் வர பத்தொன்பது நாளாயிற்று. கறவை இயந்திரம் விசாரித்தார்கள். அரை லட்சத்துக்குப் பக்கத்தில் விலை சொன்னதும் பேச்சு நின்றது. கறவை நேரத்தைத் தள்ளிவைக்கச் சங்கம் ஒப்பாது.

சற்றுப் பலன் தந்தது நான்காவது வழி. பழைய கயிற்றுக் கட்டிலை ஒருக்களித்து நிறுத்தி, கட்டுத்தரையின் சுவர் மூலையை அடைத்து, அதற்குள் மகனை விட்டார். கையில் வறுத்த நிலக்கடலை ஒரு கிண்ணம். கயிற்றின் கண்வழியே அவன் தாயைப் பார்க்கலாம். தாய் தலையை மாட்டின் விலாவில் சாய்த்தபடியே அவனைப் பார்க்கலாம். கொசுவும் சாணி நாற்றமும் மாட்டுண்ணியும் அவனுக்கு அங்கே துணை. வாரத்தில் இருமுறை அவன் காதுக்குப் பின்னாலிருந்து உண்ணி பொறுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். இது நல்ல தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெருஞ்செலவின்றி, எவரிடமும் கேட்காமல், அவர் கையிலிருந்த பொருளைக்கொண்டு அமைத்துக்கொண்ட தீர்வு.

மகள்

தையில் நான் மறுபடி போனபோது கட்டில் வெயிலில் கிடந்தது. மகன் வளர்ந்துவிட்டான், ஏறிக் குதிக்கிறான் என்றார்கள். அவனைப் பார்த்துக்கொள்ளும் வேலை மகளிடம் போய்விட்டிருந்தது. எவரும் அதை அவளிடம் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை. தம்பியின் கால்சட்டையைப் பிடித்த அந்த மாலையிலிருந்து, பள்ளிவிட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே அவனிடம் போவது வழக்கமாகியிருந்தது, எல்லோரும் அவளை மெச்சினார்கள், மெச்சியதே ஆணையாயிற்று.

அது மஞ்சள் அறுவடைக் காலம். வைகாசி, ஆடியில் நட்ட மஞ்சள் தை, மாசியில் வெட்டுக்கு வரும். தோண்டி, ஆய்ந்து, வேகவைத்து, களத்தில் காயப்போடும்வரை வீடு முழுவதும் மஞ்சள் வாசம்தான். வேகவைக்கும் கொப்பரையின் பக்கத்தில் சிறுபிள்ளையை விடக்கூடாது என்பதால் மகளின் காவல் நேரம் நாலரையிலிருந்து ஏழரைவரை நீண்டது. வீட்டுப்பாடம் எட்டு மணிக்குத் தொடங்கி எட்டேகாலுக்குத் தூக்கத்தில் முடிந்தது. அவளுடைய தமிழ் நோட்டைப் புரட்டினேன். மார்கழி வரை பக்கம் நிறைய எழுத்து. அதன்பின் பாதிப் பக்கம், பிறகு மூன்று வரி, கடைசி வரியில் பென்சில் கோடு இழுத்துக்கொண்டே போய்ப் பக்கத்தின் விளிம்பில் நின்றது. எழுதும்போதே கண் சொருகியிருக்கிறது.

ஆசிரியை தாயை அழைத்துப் பேசியிருந்தார், கடிந்துகொள்ளவில்லை. திரும்பி வந்தவர் அன்று மாலை கறவையின்போது என்னிடம் சொன்னார்: "எங்கம்மாவுக்கு நான் பாத்ததத்தான் இவ எனக்குப் பாக்கறா. எட்டாவதோட என்னைய நிறுத்துனாங்க. தம்பியப் பாக்கறதுக்குன்னு சொல்லி நிறுத்துலீங்க்கா. 'படிப்பு வரல'ன்னு சொல்லித்தான் நிறுத்துனாங்க."

தோட்டத்துப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி நகரத்தில் இப்போது ஒரு கனவு உலவுகிறது: சுத்தமான காற்று, கன்றுக்குட்டி, பசும்பால், கைப்பேசி இல்லாத குழந்தைப் பருவம். அவற்றில் எதுவும் பொய்யில்லை. இந்தப் பெண்குழந்தைக்கு எட்டு வயதில் ஐந்து வகைப் பாம்பு தெரியும், மேகத்தைப் பார்த்து மஞ்சளை அள்ளத் தெரியும், கன்று ஈனும்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஆனால் அந்தக் குழந்தைப் பருவத்துக்கு ஆகும் செலவை யார் எந்தக் கணக்கில் கட்டுகிறார்கள் என்று கேட்டால், இந்த வீட்டில் முதலில் தாயும் அதன்பின் மகளும் கட்டினார்கள். மகனின் பாதுகாப்பு மகளின் வீட்டுப்பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது.

மூன்றாவது மாடு

சினையாயிருந்த மாடு தை கடைசியில் ஈன்றது. சீம்பால் காய்ச்சிப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுத்தார்கள். இனி மூன்று மாடு கறவை; மாலையில் பதினாறு நிமிடம் இருபத்துநாலு ஆகும். அந்த வாரத்தில்தான் அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். பிரச்சினைக்குரியது இரண்டாவது மாடு: மடி கெட்டி, கறக்க நேரம் பிடிக்கும், உதைக்கும். அது நாளொன்றுக்குக் கொடுப்பது ஆறு லிட்டர், 228 ரூபாய். அதன் பங்குக்குத் தீவனம், பருத்திக்கொட்டை, தவிடு, ஊசி என்று கழித்தால் மிஞ்சுவது எழுபதிலிருந்து எண்பது ரூபாய்வரை. அறுக்கும் புல்லுக்கும் தம் கைக்கும் அவர் விலை போடவில்லை. நான் கேட்டபோது, "அதையும் போட்டா மாடே வெக்க முடியாதுங்க்கா" என்றார்.

விற்கலாம் என்றதற்குக் கணவர் உடன்படவில்லை. எண்பது ரூபாய் என்றாலும் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், தவணையில் அது ஒரு பங்கு என்பது அவருடைய வாதம். அது தவறான வாதமும் அன்று. மாமியார் இருவருக்கும் நடுவில் பேசவில்லை. ஆனால் உறுப்பினர் அட்டை தம் பெயரில் இருப்பதால் பத்து நாளுக்கொரு முறை வரும் பால் பணத்திலிருந்து தம் முழங்கால் மாத்திரைக்கென எடுத்துவைப்பதை அந்த மாதம் எடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. மகளின் தமிழ் நோட்டைத் தாய் கணவரிடம் காட்டினாரா என்று கேட்டேன். காட்டவில்லை. சாப்பிடும்போது அவர் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை அந்த மாடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போயிற்று. நாற்பத்திரண்டாயிரத்துக்கு விலைபோனது. முப்பதாயிரம் டிராக்டர் கடனின் அசலுக்குப் போக, தவணை சற்றுக் குறைந்தது. எஞ்சியதில் கிணற்று வாய்க்கும் கம்பித் தடுப்பு வந்தது. உழவு இல்லாத நாள்களில் மாலைக் கறவையில் ஒரு மாட்டைக் கணவர் கறப்பது என்று பேச்சாயிற்று. உழவு இருக்கும் நாள்களில் என்ன என்பது பேசப்படவில்லை.

சித்திரையில் நான் போனபோது பள்ளி விடுமுறை. நாலே காலுக்கு அவர் கேனை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போனார். இரண்டு மாடு, இரண்டும் மடி இளகியவை. பிடுங்காமல் விட்டிருந்த மூன்றாவது முளைக்குச்சியில் மகன் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் தானே கட்டிக்கொண்டு, மாடு மாதிரி கத்திக்கொண்டிருந்தான். மகள் வாசலில் தந்தையின் பழைய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் கட்டுத்தரைப் பக்கம் வரும்போது வேகத்தைக் குறைத்துத் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். தாய் மடியிலிருந்து கையை எடுக்காமல், "நாம் பாக்கறேன், நீ போ சாமி" என்றார். அடுத்த சுற்றிலும் அவள் வேகத்தைக் குறைத்தாள்.